சோம்பிப்போன மருந்து

"இருநூத்தி முப்பத்தொண்ணு," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, டார்கெட் தாளை நீட்டினாள் ஹெய்டி.

ஆர்விட் கோஸ்கி தாளை வாங்கி, எண் ஏதாவது மாறுமா என்று தலைகீழாகவும் பார்த்தார். மாறவில்லை. முப்பது குண்டுக்கு முந்நூறு என்ற கணக்கில் பதினோரு வருடமாக இருநூற்று அறுபதுக்குக் கீழே இறங்காத மனிதர், நாலு சனிக்கிழமையாகச் சறுக்கிக்கொண்டே இருக்கிறார். துப்பாக்கி அதேதான். கையும் நடுங்கவில்லை. ஆக, குற்றவாளி தோட்டாதான். அந்தத் தோட்டாவை வீட்டு நிலவறையில் உட்கார்ந்து தன் கையாலேயே செய்கிறவருக்கு அது எவ்வளவு அவமானம் என்று தோட்டா செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

துப்பாக்கி சுடும் சங்கத்தின் அணித் தலைவர் லெஸ்டர் நல்ல மனிதர், ஆனால் விதி என்றால் விதி. ஜனவரிக் கடைசிக்குள் சராசரி இருநூற்று நாற்பதுக்கு ஏறாவிட்டால் ஆர்விட்டின் இடம் வேறொருவருக்குப் போய்விடும். மனைவி எல்மா போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. வாரத்தில் மற்ற நாட்களில் அவர் பேசுவது ரேடியோவில் பனி நிலவரம் சொல்கிறவனோடு. அவனோ திரும்பப் பேசுவதில்லை. சனிக்கிழமை காலையும் போய்விட்டால் அப்புறம் ஒன்றுமே இல்லை.

சங்கத்தில் யாரும் தன் தாளைத் தானே எண்ணக் கூடாது. பக்கத்து மேடையில் சுடுகிறவர்தான் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருடம் அந்தப் பக்கத்து மேடை மெல்வினுடையது. ஆர்விட் தாளை மெல்வின் எண்ணுவார், மெல்வின் தாளை ஆர்விட் எண்ணுவார். ஆர்விட்டுக்கு இருநூற்று அறுபத்திரண்டு வந்தால் மெல்வினுக்கு இருநூற்று ஐம்பத்தெட்டு. கடைசி இரண்டு வருடம் மெல்வினுக்குக் கை நடுங்கி, காபியில் பாதி சட்டையில்தான் போகும். அந்த ஐம்பத்தெட்டு மட்டும் இறங்கவே இல்லை. போன அக்டோபரில், அப்பா பனியில் வழுக்கி விழுந்தது போதும் என்று மகள் ராண்டா அவரை அரிசோனாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் இடத்துக்கு வந்தவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் ஹெய்டி, கையில் பூதக்கண்ணாடியோடு.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மெல்வின் ஃபோன் செய்வார். ஆர்விட் எடுத்ததும் தோட்டாப் புராணத்தை ஆரம்பிப்பார்.

"வெடிமருந்துதான்டா," என்றார் மெல்வின், யோசிக்கக்கூட இல்லாமல். "பிராண்டை மாத்திப் பாரு."

ஆர்விட் மாற்றினார். புது மருந்து சரியாக எரியாமல் முகமெல்லாம் கரியாகி, சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளத் துப்பாக்கிக்குத் தெம்பில்லாமல் நடுவில் சிக்கிக்கொண்டது. இருநூற்று இருபத்துநாலு.

அடுத்த ஞாயிறு, தோட்டாக் கூட்டின் வாயைக் குண்டின் கழுத்தோடு இன்னும் இறுக்கிப் பார்க்கச் சொன்னார் மெல்வின். ஆர்விட் இறுக்கிய இறுக்கில் ஈயக் குண்டு இடுப்பு சிறுத்து, தாளை நோக்கிப் போகாமல் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. இருநூற்றுப் பத்தொன்பது.

"குளிரா இருக்கும்டா. மருந்து சோம்பிப்போயிடும். சூடா வச்சுக்கோ," என்றார் மெல்வின் மூன்றாவது ஞாயிறு.

அதற்கடுத்த சனிக்கிழமை ஆர்விட் ஐம்பது தோட்டாக்களையும் காலுறைக்குள் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். வாசலில் லெஸ்டர் கை குலுக்க நீட்டியதும் பழக்கத்தில் இவரும் நீட்டிவிட, தோட்டாக்கள் படியெல்லாம் உருண்டன. எல்லோரும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.

ஒரே ஒரு தடவை, பழைய முறையில் செய்த தோட்டா பத்தை எடுத்து, கையில் பிடிக்காமல் மணல் மூட்டைமேல் துப்பாக்கியை வைத்துச் சுட்டுப் பார்த்தார். பத்தும் ஒரு காசு அளவு வட்டத்துக்குள் விழுந்தன. தோட்டா சரியாக இருப்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். ஆர்விட் வெகுநேரம் யோசித்துவிட்டு, மணல் மூட்டையில் ஏதோ கோளாறு என்ற முடிவுக்கு வந்தார்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை லெஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். வருத்தமாகத்தான் சொன்னார். பிப்ரவரியிலிருந்து வேறொருவர்.

ஆர்விட் காருக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பதினோரு வருடத்துத் தாள்கள். அணியில் இருக்கிறாரோ இல்லையோ, தான் ஒரு காலத்தில் யார் என்பது இந்த டீச்சருக்காவது தெரிய வேண்டும்.

"இதப் பாரும்மா. போன மார்ச். அப்ப என் தோட்டா எப்படிப் போச்சுன்னு நீயே பாரு."

ஹெய்டி பூதக்கண்ணாடியை எடுத்தாள். எண்ணினாள். இன்னொரு தாள் கேட்டாள், அதையும் எண்ணினாள். அப்புறம் கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இதுல இருநூத்தி முப்பதுதான் இருக்கு. அதுல இருநூத்தி இருபத்தொன்பது." அவள் குரல் தணிந்தது. "எண்ணினவரு ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு நம்பர் கூடப் போட்டிருக்காரு. உங்க தோட்டா அன்னைக்கும் இப்படித்தான் போயிருக்கு."

எண்ணைப் பார்த்தாரே தவிர, ஆர்விட் ஒருநாளும் ஓட்டைகளைப் பார்த்ததில்லை. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அடுப்பில் சுட வைத்த, இறைச்சி அடைத்த பாஸ்டி ஆறிப்போனது. மெல்வின் பதினோரு வருடம் தன்னைக் குழந்தை மாதிரி ஏமாற்றியிருக்கிறான். போதாததற்கு மருந்தை மாற்று, வாயை இறுக்கு, அக்குளில் வை என்று வாரக்கணக்கில் ஆட்டி வைத்திருக்கிறான். ஆர்விட்டுக்கு அழுகை வந்தது. அதைக் கோபம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. இனிமேல் கூப்பிடாதே என்ற ஒரே வரியை நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு, அரிசோனாவுக்கு எண்ணைச் சுழற்றினார். அதையும் சொல்லிவிட்டால் ஞாயிறும் காலி என்பது தெரிந்துதான் சுழற்றினார்.

ராண்டா எடுத்தாள். அப்பாவைக் கூப்பிடு என்றார் ஆர்விட்.

"அப்பா கராஜ்ல தோட்டா செஞ்சிட்டிருக்காரு அங்கிள். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு... இங்க வந்து கிளப்ல சேர்ந்ததுலேர்ந்து அவருக்கு இருநூறே தாண்டல, மருந்தை மாத்தி, வாயை இறுக்கி, இப்ப அக்குள்ல வச்சுக்கிட்டு அலையறாரு. நீங்க எண்ணினப்ப ஒரு நாளும் இருநூத்தி ஐம்பத்தெட்டுக்குக் குறைஞ்சதில்லையாமே?"