கோந்து அண்ணனும் பாதியில் நின்ற கதையும்

கோந்து அண்ணனைப் போலக் கதைப் பைத்தியம் பிடித்த மனிதரை, கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரை ரயிலில் பெட்டி பெட்டியாகத் தேடினாலும் பார்க்க முடியாது. ஒருநாள் பஜ்ஜி மடித்த காகிதத்தில் ஒரு கதை பாதியில் நின்றுவிட்டது. விடுவாரா? "இன்னும் நாலு குடு. அதே புக்குல கிழிச்சி மடி" என்றார். டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகும்வரை எங்கள் தெருவே பஜ்ஜி தின்றது.

எங்கள் வரிசை வீட்டில் அடுத்த வாசல் அவருடையது. தொழில் புத்தகம் பைண்டிங். மைதாவில், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சினால், இரும்பு ஆலைப் புகையையும் மீறி வாசனை வரும். பெயர் அப்படி வந்ததுதான்.

வருடத்தில் பாதி நாள் மொரீஷியஸில் இருப்பார். அங்கே இருக்கிற தமிழர்களின் பாட்டன்மார் கப்பலில் கொண்டுபோன பாட்டுப் புத்தகங்கள், தொட்டால் உதிர்ந்துவிடுமாம். தாள் தாளாக ஒட்டி உயிர் கொடுக்க இவரைக் கூப்பிடுவார்கள். அங்கே மாலை, மரியாதை எல்லாம் உண்டு. இங்கே வந்தால் லுங்கியைக் கட்டிக்கொண்டு, வாரப்பத்திரிகைத் தொடர்கதையோடு கட்டிலில் கவிழ்ந்துவிடுவார்.

அவர் இல்லாதபோது தொடர்கதைப் பக்கங்களை வெட்டி வைப்பது என் வேலை. வெட்டி வைத்தால் போதும் என்றுதான் போனார். போய் இறங்கியதும் போன் வந்தது.

"தங்கச்சி, அந்தப் பொண்ணு ஊட்ட உட்டுப் போனாளே, இன்னா ஆனா?"

"நான் அஞ்சாவது வரைக்கும்தாண்ணா படிச்சேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்."

"கூட்டியே படிம்மா. நான் இன்னா ஓடியா போறேன்?"

வாராவாரம் படித்தேன். ஒருநாள் போனில் யாரோ பொம்பளை இருமினாள். பசை காய்கிற நேரத்தில் ஸ்பீக்கரில் போட்டு, கூட வேலை செய்கிறவர்களும் கேட்கிறார்களாம். நாலு பேர் எதிரே வாய் திறக்காதவள் நான். இருந்தும் விட்ட வரியிலிருந்து கூட்டிப் படித்தேன்.

போன வருடம் ஒருநாள் சொன்னார். "இங்கயே இருந்துடச் சொல்றாங்கோ தங்கச்சி. ஊடு தர்றாங்களாம். ரெண்டு அலமாரி புக்கு பாக்கி கீது. இன்னா சொல்ற?"

வந்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. "உங்க இஷ்டம்ணா" என்றேன். அடுத்த வாசலில் பூட்டு தொங்கிக்கொண்டே இருக்கப்போகிறதே என்று, போய்ப் போய் அதையே பார்த்தேன்.

அந்த வாரம் தொடர்கதை முடிந்தது. வீட்டை விட்டுப் போன பெண், திரும்பி வந்து அம்மா வீட்டுக் கதவைத் தட்டுகிற இடம்வரை படித்தேன். நிறுத்திவிட்டேன்.

"கதவைத் தொறந்தாங்களா?"

"அந்தப் பக்கம் இங்க கீதுண்ணா."

"இன்னா, வெளாட்றியா? படி."

"கண்ணு எரியுது."

உடனே டீக்கடைக்குப் போன் போட்டார். நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். "அந்த புக்கா? பஜ்ஜி மடிச்சே தீந்துபோச்சுண்ணா" என்றார் கடைக்காரர்.

அடுத்த மாதம் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"அலமாரி புக்கெல்லாம்?" என்று கேட்டேன்.

"அது எங்க போவுது? எப்பவும் போல போய்க்கினு வந்துக்கினு இருக்கேன்னு சொல்லிட்டேன். நீ பக்கத்த எடு."

பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. பக்கத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டினார். கழற்றினார். என்னிடமே நீட்டினார்.

"நீயே படிம்மா. உன் கொரல்ல கேட்டுத்தான் பழக்கம்."

படித்தேன். நன்றாகத் தெரிந்த எழுத்தைக்கூட அன்றைக்குக் கூட்டிக் கூட்டித்தான் படித்தேன்.