சொதியில் ஓர் எண் இறங்கியது குறித்துச் சம்பந்திக்கு விளக்கம்

சீவலப்பேரி,
ஆனி மாதக் கடைசி வெள்ளி.

மரியாதைக்குரிய சம்பந்தி பேச்சிராஜ் அண்ணாச்சி அவர்களுக்கு, தங்கள் மருமகள் கலையரசியைப் பெற்ற பலவேசம் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி சந்தனமாரியும் சுகம். அவள் என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறை கிடையாது. ஏரலில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை மணிராஜும் என் மகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் துர்க்கையம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தாங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய விளக்கத்துக்கு இரண்டு நீலக் குறி விழுந்ததோடு சரி. அதனால்தான் பதிவுத் தபால்.

விஷயம் இதுதான். ஆடி பிறக்கப் போகிறது. தலை ஆடிக்குப் பெண்ணை அழைக்க நாங்கள் சீர்த் தட்டோடு வாசலில் வந்து நிற்கும்போது தாங்கள் முடியாது என்று சொல்லிவிட்டால் நான் ஊரில் தலைகாட்ட முடியாது. ஊரை விடுங்கள், என் வீட்டு அடுப்படியிலேயே தலைகாட்ட முடியாது. ஆகவே சித்திரையில் நடந்த மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் சொதி ஏன் அப்படி ஆனது என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறேன்.

நான் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தாங்கள் அறிந்ததே. கடை கடையாக ஏறி எடைக்கல்லையும் தராசையும் சோதித்தே தலை நரைத்தவன். அது தெரிந்துதான், தூத்துக்குடியில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, நிச்சயதார்த்தத்தன்று பேனா அளவில் ஒரு பி.எச். மீட்டரை எனக்குப் பரிசாகத் தந்தார். முனையைத் திரவத்தில் முக்கினால் புளிப்பை எண்ணாகக் காட்டும். "பூஜ்யத்துல இருந்து பதினாலு வரைக்கும் மாமா. ஏழுன்னா சுத்தத் தண்ணி. கீழ போகப் போகப் புளிப்பு" என்றார். எனக்கு அப்போதே உறுத்தியது. சரக்கு ஏற ஏற எண் இறங்கும் தராசை எந்தக் கடைக்காரனாவது வைத்திருந்தால் நான் அன்றைக்கே கடைக்குச் சீல் வைத்திருப்பேன். புது மாப்பிள்ளையாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். பிறகு அந்தக் கருவி என்னை வசியம் செய்துவிட்டது. மோர், ரசம், ஆற்றுத் தண்ணீர், என் மனைவியின் இருமல் மருந்து என ஒன்றையும் விடவில்லை. முனையைக் கழுவ பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் கேனாக வாங்கினேன்.

அன்று நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் தாங்கள், "சொதி பிரமாதம் சம்பந்தி. இன்னும் கொஞ்சம் புளிப்புத் தூக்கலா இருந்தா அமிர்தம்லா" என்றீர்கள். மீதியிருந்த சொதியில் முக்கிப் பார்த்தேன். ஐந்து. சரி, கொஞ்சம் என்றால் எவ்வளவு? பதினாலு படி உள்ள ஏணியில் ஒரு படி. அதற்கும் குறைத்தால் சம்பந்தி சொல்லுக்கு மரியாதை இல்லை. ஆக, மறுவீட்டுச் சொதி நாலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். தாங்களே சொல்லுங்கள், இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது?

விருந்தன்று தங்கள் வேன் வந்து நின்று, இலை போட்டு, இஞ்சித் துவையல் வைத்து, சோறும் போட்டாயிற்று. சொதி மட்டும் வரவில்லை. தேங்காய்ப்பால் சொதியை இறக்கி வைத்துத்தானே எலுமிச்சை பிழிவார்கள், நானோ சூட்டில் அளந்தால் எண் சரியாக இருக்காது என்று கருவியோடு வந்த தாளில் படித்திருந்ததால் அண்டாவுக்கு மேஜை விசிறி வைத்து ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆறிய பிறகு, சமையலுக்கு வந்திருந்த தவசிப்பிள்ளை ஆண்டியப்பன் பிழிய ஆரம்பித்தார். முதலில் எண் மளமளவென்று இறங்கியது. அப்புறம் மாட்டுவண்டி சகதியில் சிக்கியது மாதிரி நின்றுவிட்டது. புளியங்குடி எலுமிச்சை ஒரு கூடை காலி. "அண்ணாச்சி, கையெல்லாம் எரியுது. போதும்லா?" என்றார். "நாலரைதான் வே காட்டுது, பைய நிறுத்தலாம், பிழியும்" என்றேன். என் மனைவி வந்து அண்டாவை எட்டிப் பார்த்து, "ஐயோ, பால் திரியுதுங்க! நாக்குல ஒரு சொட்டு விட்டுப் பாத்தாத் தெரியாதா?" என்று கத்தினாள். நாக்கு எந்தச் சர்க்கார் முத்திரையும் வாங்காத கருவி என்று அவளுக்கு விளக்கினேன். அந்தக் கத்தல்தான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது.

சரியாக நாலில் நிறுத்திப் பரிமாறினோம். தங்கள் முதல் கவளத்தைக் கதவோரம் நின்று ஆசையோடு பார்த்தேன். தங்கள் ஒரு கண் மூடியது. பிறகு மற்றது. சம்பந்தியம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "பொண்ணு குடுத்த வீட்டுல பல்லைக் கழட்டித்தான் அனுப்புவாவளா?" என்று கேட்டுவிட்டுத் தாங்கள் பாயசத்துக்குக்கூட இருக்காமல் இலையை மூடிவிட்டு எழுந்தீர்கள். வேன் கிளம்பும் அவசரத்தில் மாப்பிள்ளை கருவியை வாங்கிப் பார்த்து, தலையில் கைவைத்து, "மாமா, ஒரு நம்பர் இறங்குனா கொஞ்சம் இல்ல, பத்து மடங்கு. ரெண்டு இறங்குனா நூறு மடங்கு. இது மடக்கைக் கணக்கு" என்றார். பரிசு தந்த அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க சொதியில முக்குவியன்னு நான் கண்டேனா?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார்.

இந்த இரண்டு மாதத்தில் அந்தக் கணக்கை நானே உட்கார்ந்து படித்துவிட்டேன். புளிப்பு இரட்டிப்பாகவே எண் பூஜ்யம் புள்ளி மூன்று இறங்கினால் போதுமாம். நாலு புள்ளி ஏழில் நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நாம் அன்னியோன்னியமாக இருந்திருப்போம். தங்களைப் பத்து மடங்கு புளிக்கவைத்தது என் அறியாமைதான், திமிர் இல்லை. அண்ணாச்சி, எனக்கு ஒரே மகள். அவள் அம்மாவோடு போனில் பேசும்போது நான் அலமாரியைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் நின்று அவள் குரலைக் கேட்டுக்கொள்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், பிள்ளையை மட்டும் ஆடிக்கு அனுப்பி வையுங்கள். இனி ஆயுசுக்கும் எதையும் அளக்க மாட்டேன். இன்று சாயங்காலமே அந்தக் கருவியை ஆற்றில் போட்டுவிடுகிறேன். இது அம்மன்மேல் சத்தியம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், கூடவே அவர்கள் பல்லுக்கு என் வருத்தத்தையும் சொல்லவும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசி. கோயில் குங்குமம் இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
பலவேசம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் சம்பந்தியம்மாவே போன் செய்தார்கள். கலையரசி முழுகாமல் இருக்கிறாளாம். ஒரு வாரமாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லையாம். "அண்ணாச்சி, உங்க மவ அந்த மறுவீட்டுச் சொதிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. நாங்களும் பிழிஞ்சு பிழிஞ்சு பாத்துட்டோம். இது இல்ல, அப்பா வச்ச புளிப்பு வேணும்ங்கா. அது என்ன அளவு?" என்றார்கள். "நாலு" என்றேன். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் ரத்து செய்துவிடவும். சத்தியத்தை அம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன். கருவி ஆற்றில் இல்லை, என் சட்டைப் பையில் இருக்கிறது. சந்தனமாரி சிரித்துக்கொண்டே தேங்காய் உரிக்கிறாள். நாளை முதல் பஸ்ஸில் இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டுவருகிறேன். தங்களுக்குக் கோபம் பாக்கி இருந்தால் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் பிள்ளை ஒரு வாய் சாப்பிடட்டும்.