பிசினுக்குள் முறுக்கு

ரங்கநாதனின் வாயிலிருந்து தவறிய பாதி முறுக்கு, அவர் மனைவி ஜோதி காலையில் அச்சில் ஊற்றி வைத்திருந்த பிசினுக்குள் அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

உறைந்தால் கண்ணாடியாகிவிடும் பிசின் அது. ஏந்திய இரண்டு கைகள்தான் சிலை. டிராயிங் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, திருவானைக்காவல் வீட்டுக் கார் ஷெட்டில் ஜோதி சிலை செய்ய உட்கார்ந்தபின் வந்த முதல் பெரிய ஆர்டர்.

"ஒரு சாமான் வாங்கிட்டு வந்துடறேன். நீங்க பார்த்துக்கங்க. ஒரு தலைமுடி விழுந்தாக்கூட வெளியில தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"தரப் பரிசோதனையில இருக்கிறவன்கிட்ட சொல்றியா?" என்று சிரித்தார் ரங்கநாதன். கைலாசபுரம் தொழிற்சாலையில் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு உத்தியோகம்.

சமையலறைக்கு ஓடி இடுக்கியை எடுத்துவந்தார். பிடித்த பிடியில் முறுக்கு இரண்டாக உடைந்தது. இப்போது இரண்டு முறுக்கு, இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.

கரண்டியை விட்டுத் துழாவினார். பிசின் இறுகத் தொடங்கியிருந்ததால் கரண்டியும் உள்ளே நின்றுவிட்டது.

உடன் வேலை பார்க்கும் ஜெபராஜுக்குப் போன் போட்டார்.

"ஜெபராஜ், உள்ள முறுக்கு விழுந்துடுச்சுப்பா."

"எந்த மெஷின்ல சார்?"

"மெஷின் இல்லப்பா, சிலையில. என் வீட்டுக்காரி செஞ்சது."

"மெஷினா இருந்தா ஏதாவது பண்ணலாம் சார்" என்றான் ஜெபராஜ்.

சூடு காட்டினால் இளகும் என்று தோன்றியது. மகளின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து காட்டினார். வெண்ணெய் இளகும். இந்தப் பிசினோ சூடு பட்டதும் இன்னும் வேகமாக இறுகியது.

வேறு வழியில்லை. அச்சின் மேல் காலை ஊன்றிக் கரண்டியைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். கரண்டி வந்தது. கரண்டியோடு இரண்டு முறுக்குத் துண்டும் வந்தன. முறுக்கோடு சிலையின் உள்ளங்கையும் வந்தது.

பள்ளத்தை மிச்சமிருந்த பிசினால் நிரப்பினார். சீக்கிரம் உறையட்டும் என்று, அதில் கலக்கிற மருந்தை இரண்டு பங்காக விட்டார். பிசின் கொதித்துப் புகைந்தது, மஞ்சளானது, கடைசியில் 'படக்' என்று குறுக்கே விரிசல் விட்டது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ஜோதி இறங்கினாள். அவள் பின்னால், ஆர்டர் கொடுத்த கடையின் ஆள் நவநீதன் ஒரு தகர டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி வந்தான். ஷெட்டுக்குள் வந்த ஜோதி சிலையைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், கடைசியாகக் கணவரைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காத ஜோதி" என்றார் ரங்கநாதன். "வாய் தவறி ஒரு முறுக்கு விழுந்துடுச்சு. ஆனா ஒரு துணுக்குகூட உள்ள இல்லாம எடுத்துட்டேன். வேணும்னா செக் பண்ணிக்க."

நவநீதன்தான் வாய் திறந்தான்.

"எடுத்துட்டீங்களா? ஐயோ சார், எங்க முறுக்குக் கடை வாசல்ல வைக்கிற சிலைங்க இது, அந்தக் கைக்குள்ள பிசினோட பதிக்கத்தான் மணப்பாறையிலேர்ந்து உடையாத முறுக்கா பார்த்து மடியிலயே வச்சு எடுத்துட்டு வரோம்!"