கப்பல், குமட்டல், சண்டை, சத்தம்

பக்கத்துப் பட்டறையில் ரம்ப மெஷின் மறுபடி அலறியது. அவள் கையிலிருந்த அட்டையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“மூணாவது என்ன? போச்சு, மறந்துபோச்சு!”

நாளை, ஆங்கில மாலை வகுப்பில் பேச்சுத் தேர்வு; ஆளுக்கொரு சொல் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். தேறினால் பார்சல் ஆபீஸின் வரவேற்பு மேஜை கிடைக்கும். தவறினால் இன்னொரு வருஷம் மூட்டை தைக்கும் கோணி ஊசிதான். அவளுக்கு விழுந்த சொல் ‘நாய்ஸ்’. கப்பலைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து கடற்பயணக் குமட்டலுக்கு லத்தீனில் ஒரு சொல் பிறந்ததாம். அது பிரெஞ்சுக்குப் போய்ச் சண்டையாகி, ஆங்கிலத்துக்கு வந்து சத்தமாகிவிட்டதாம். வரிசை மாறாமலிருக்க நான்கு சொற்களை அட்டையில் எழுதி, ஐந்து நாளாக உருப்போடுகிறாள்.

முதல் நாள் ஜன்னலைச் சாத்தினாள். புழுங்கியது. ஃபேனைப் போட்டாள், அது கடகடத்தது. காதில் பஞ்சை அடைத்தாள். தன் குரலே தனக்குக் கேட்காததால் கொஞ்சம் உரக்கப் படித்தாள். ரம்பமும் கொஞ்சம் உரக்கவே பாடியது.

இனிப் பொறுக்க முடியாது என்று பட்டறைக்குப் போனாள்.

“அண்ணே, கொஞ்சம் நிறுத்தக்கூடாதா?”

தச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீ எப்பம்மா முடிப்ப?”

“நாளைக்கு.”

“அப்ப நானும் நாளைக்கே முடிச்சுடறேன்.”

எவ்வளவு நல்ல மனுஷன்! பட்டறையும் துப்புரவு, தரையில் ஒரு பொட்டு மரத்தூள் இல்லை.

மறுநாள் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. எழுந்து நின்றாள். கப்பல் வந்தது. குமட்டலும் வந்தது, வயிற்றில். மூன்றாவது மட்டும் வரவேயில்லை.

“உட்காருறீங்களா?” என்றார் ஆசிரியை.

அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் யாரோ இரும்பு பெஞ்சைத் தரதரவென்று இழுத்தார்கள். அசல் ரம்பச் சத்தம்! சண்டையும் சத்தமும் அடித்துப் பிடித்துக்கொண்டு நாக்குக்கு வந்தன.

தேறிவிட்டாள்.

வீடு திரும்பும்போது தெருவே அமைதியாக இருந்தது. பட்டறை வாசலில் தச்சரின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நான் பாஸாயிட்டேன்!”

“அப்பாடா!” பெரிய பெருமூச்சாக விட்டாள் அக்கா. “இனிமே படிக்க வேணாமில்ல?”

“வேணாம்க்கா. அண்ணனும் சொன்னபடியே நிறுத்திட்டாரே. ஆர்டர் முடிஞ்சுதா?”

“ஆர்டரா? மரமே இன்னும் வரலியே! கப்பல், குமட்டல்னு அஞ்சு நாளா நீ கத்துனது காதுல விழக்கூடாதுன்னுதான் மெஷினைச் சும்மா ஓட்டினோம்.”