இரங்கல் பக்கமும் பதினெட்டு மணி நேரமும்

என் வாழ்நாளில் நான் வாயாரத் திட்டிய ஒரே மனிதர் ‘பதினெட்டு’ அங்கிள்தான். சிங்கப்பூரில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் என் சீனியர். எந்தச் சாம்பிளையும், கிருமி இருந்தால் வளரட்டும் என்று, சத்துநீரில் பதினெட்டு மணி நேரம் ஊறவிடாமல் தொடவிடமாட்டார். பெயர் வந்த கதை அதுதான்.

இன்னொரு கிறுக்கு, தமிழ்ப் பேப்பரின் இரங்கல் பக்கம். சோதனைக் குழாயை அதன்மேல் பிடித்துப் பார்ப்பார். செத்தவர் பெயர் பளிச்சென்று தெரிந்தால் கிருமி வளரவில்லை, மங்கினால் வளர்ந்துவிட்டது. “சினிமாப் பக்கம் ஆகாதா அங்கிள்?” என்று கேட்டால், “இதுலதான் எழுத்து பொடிசா இருக்கு” என்பார். காலங்காத்தால யாருக்கு வேண்டும் இந்தத் தரிசனம்!

ஒருமுறை துவாஸ் தொழிலாளர் விடுதிக்குப் போகும் இட்லிப் பொடி வந்தது. மாலை ஆறுக்கு ஊறவைத்தேன். மறுநாள் பிடோக்கில் நான் கடனில் வாங்கிய புது வீட்டுக்குச் சாவி வாங்கும் நாள். காலை ஏழுக்கே எடுத்து, வேண்டாத கிருமிகளை அடக்கும் மருந்து கலந்த குழாய்க்கு மாற்றிவிட்டு ஓடினேன். அடுத்த நாள் குழாய் கண்ணாடி மாதிரி இருந்தது. ‘கிருமி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன்.

அங்கிள் நேரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், வெடித்தார்.

“பதிமூணு மணி நேரமா? வறண்ட பொடியில பட்டினி கெடந்த கிருமிம்மா அது! புதுச் சாப்பாட்டப் பாத்ததும் உடனே பெருகிடுமா? அதச் செரிக்க வேண்டியத மொதல்ல உள்ளுக்குள்ள தயார் பண்ணும். வெளிய பாத்தா சும்மா கெடக்கிற மாதிரி இருக்கும். தேறிட்டா மருந்தக்கூட தாங்கும். தேறுறதுக்குள்ள நீயே மருந்துல தள்ளிக் கொன்னுட்டே. துவாஸ்ல திங்கிறவன் வயித்துல யாரு போய்க் கொல்றது?”

மேனேஜர் ஓடிவந்தார். “அங்கிள், லாரி வெயிட்டிங் லா!”

“கிருமியே வெயிட் பண்ணுது. லாரிக்கு என்ன கேடு?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான். கையில் புதுச் சாவி, தலையில் வீட்டுக் கடன். பாவி மனிதர் அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டார்.

மறுபடி முதலிலிருந்து வைத்தோம், முழுப் பதினெட்டு மணி நேரம். மருந்துக் குழாயை மறுநாள் இரங்கல் பக்கத்தின்மேல் பிடித்தேன். ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. அடுத்த சோதனையில் அது வயிற்றைக் கெடுக்கும் கிருமியேதான் என்று உறுதியானது.

அங்கிள் ஆறுதல் சொல்லவில்லை. “தப்ப உன் கையாலயே எழுது” என்று பதிவேட்டைத் தள்ளினார். அழுதுகொண்டே எழுதினேன், மனதுக்குள் அவரைச் சபித்துக்கொண்டே.

என்னை அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் சொன்னபோது அவரிடமும் எரிந்து விழுந்தார். “எழுதினவள அனுப்பினா அடுத்தவ எழுதவே மாட்டா. போங்க.” நான் தப்பித்தேன். கோபம் மட்டும் போகவில்லை.

அங்கிள் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆபீசில் பேப்பர் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். அவரோ வாரத்து இரங்கல் பக்கங்களை வெட்டி, திங்கட்கிழமை தவறாமல் கிடைக்கும்படி எனக்குத் தபாலில் அனுப்புகிறார். சென்ற வாரம் திங்கள் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவும் இல்லை. என்ன மனிதர் இவர்!

புதன்கிழமை உறை வந்தது. மேலே அவருடைய கோழிக்கிறுக்கல்தான். செத்த மனிதர் தபால் போடுவாரா என்றுகூட யோசிக்காமல், ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு பெயராகத் தேடினேன். அவர் பெயர் இல்லை.

அப்புறம்தான் மறுபடி போன் போட்டு, அவர் எடுத்ததும், ஏன் இரண்டு நாள் தாமதம் என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.