பக்கெட்டில் போன புலி

கடலூர் மாவட்டத்தில் புலி கிடையாது. அந்த மாவட்டத்தில் இருந்துகொண்டே ஒரு புலியைக் காப்பாற்றியவர் உலகத்திலேயே எங்கள் ‘புலி வாட்சர்’ ஒருவர்தான்.

வனவிலங்கு அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர், அவர் வாட்சர். கடலோர மீனவர் குடும்பம். புலியை நேரில் பார்த்ததில்லை. ஆனால் யாரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் புலி வந்துவிடும்.

“கடல் நத்தையும் புலியும் ஒண்ணு சார். அது மானை அடிக்குது, இது நட்சத்திர மீனை அடிக்குது. அதுக்கு நாலு காலு. இது ஒத்தக் கால வெச்சிக்கிட்டே வேட்டைக்குப் போவுது. அப்ப யாரு சார் பெரிய ஆளு?”

எரிச்சல் என்னவென்றால், சட்டமும் அவர் பக்கம்தான். பாதுகாக்க வேண்டிய உயிர்களின் முதல் அட்டவணையில் புலியும் இருக்கிறது, சில கடல் நத்தைகளும் இருக்கின்றன.

ஒரு காலை என் மேசைமேல் பக்கெட்டை வைத்தார். கடல் தண்ணீர், உள்ளே முழ நீளச் சங்கோடு உயிருள்ள நத்தை. வலையில் சிக்கியதாம்.

“சாயங்காலத்துக்குள்ள கடல்ல விடணும் சார். இல்லன்னா செத்துடும்.”

“கையெழுத்து இல்லாம விட முடியாதுய்யா. அதிகாரி சிதம்பரத்துல கேம்ப். படிவம் வேற வேணும், நத்தைக்குப் படிவமே இல்ல.”

“புலிக்கு இருக்குல்ல?”

இருந்தது. நிரப்பினேன். காலடித் தடம்: ஒன்று. நகம்: இல்லை. மனிதரைத் தாக்கியதா: இதுவரை புகார் இல்லை. ‘தப்பி ஓடும் அபாயம்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“உண்டுன்னு போடுங்க சார். அதுக்கும் ஒரு கௌரவம் வேணாமா?”

சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: “பக்கெட்ல என்னா மாமா?”

“புலி.”

“ஓரமா வையி. எவனாவது வாலை மிதிச்சிடப் போறான்.”

புதுச்சத்திரத்தில் டிரைவர் போட்ட பிரேக்கில் பாதித் தண்ணீர் என் பேண்டில். நத்தை சங்குக்குள் சுருண்டது, அப்புறம் அசையவில்லை. வாட்சர் ஈரத் துண்டை அதன்மேல் போர்த்திவிட்டு உட்கார்ந்தார். சிதம்பரம் வரை புலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

அதிகாரி படிவத்தை இரண்டு முறை படித்தார். “தடம் ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான் அய்யா. மீதி மூணும் கெடையாது,” என்றார் வாட்சர்.

அதிகாரி சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பரங்கிப்பேட்டைக் கரையில் பக்கெட்டில் புதுக் கடல் தண்ணீரை நிரப்பிவிட்டுக் காத்திருந்தோம். அசைவே இல்லை. நான் வாயைத் திறக்கப் போன நேரத்தில் சங்கின் வாயிலிருந்து மெதுவாக அந்த ஒற்றைக் கால் வெளியே வந்தது.

“பாயுது சார், பாயுது!”

பத்து நிமிடத்தில் ஒரு சாண் பாய்ந்தது. அவரே படகேறிப் போய் ஆழத்தில் இறக்கிவிட்டு வந்தார்.

இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். இன்றைக்கும் படகுக்காரர்கள் அவருக்குப் போன் செய்கிறார்கள்: “மாமா, ஒன் புலி வலையில மாட்டிக்கிச்சு. அங்கியே விட்டுட்டோம்.” உடனே அவர் எனக்குப் போன் செய்வார்.

அந்தப் படிவத்தின் நகல் என் பீரோவில் இருக்கிறது. அலுவலகத் தாளை வீட்டுக்குக் கொண்டுவருவது விதிமீறல். என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே விதிமீறல்.