பயாஸ்கோப் கூடாரத்தில் ஒரு சூரர்

பயாஸ்கோப் பார்க்க வருகிறவர்களில் ‘இது என்ன பிரமாதம்’ என்றொரு இனம் உண்டு. மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரையில் வெளிச்சம் விழுமுன்பே மீசையை நீவி, வாள் சுழன்றால் ‘பிடி தப்பு’ என்றும், வீரன் தாவி ஏறினால் ‘குதிரை குட்டை’ என்றும், கோட்டையிலிருந்து குதித்தால் ‘கீழே வைக்கோல் கிடக்கும்’ என்றும் சொல்லிச் சொல்லி, சுற்றியிருப்பவர்களின் சந்தோஷத்தைப் பாழாக்குகிறவர். உங்கள் ஊரில் இல்லையா? கொடுத்துவைத்தவர்கள்.

எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தார். பெயர் பூதத்தான். பன்னிரண்டு பேருக்குச் சிலம்ப வாத்தியார்.

அன்றைக்கு ராஜா காலத்து மாயச் சண்டைப் படம். ஆற்றுக்குள்ளிருந்து ஒரு வாள்வீரன் எம்பினான் பாருங்கள், உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கோட்டைச் சுவர்மேல் போய் நின்றான்! கூடாரமே வாயைப் பிளந்தது.

“இது என்ன பிரமாதம்? மூச்சை அடிவயித்துல கட்டுனா நானும் எம்புவேன் வே!” என்றார் வாத்தியார்.

சீடன் மாடக்கண்ணு எழுந்தே நின்றுவிட்டான். “அப்ப நாளைக்குக் காலையில நம்ம படித்துறையில எம்பிக் காட்டுங்க வாத்தியாரே! ஊரையே கூட்டிட்டு வாரேன்.”

மாட்டேன் என்றால் மறுநாளே சிலம்பக் கூடத்தை மூடவேண்டியதுதான். “வாரேம்லே!” என்றார்.

அடுத்து ஒரு சிப்பாய் வாயிலிருந்து வாழைப்பழத்தை முழுசாக வெளியே எடுத்துத் தோலை மூடினான்.

“இதுவும் மூச்சுதானா?” என்றது ஒரு குரல்.

படம் ஓட்டுகிற சேக் முகம்மதுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அண்ணாச்சி, சும்மா விளையாட்டுக்கு மிஷின் பிடியைப் பின்னால சுத்துதேன். மேலேருந்து குதிச்சவன்தான் எம்புத மாதிரித் தெரியுதான்!”

மீசையிலிருந்த வாத்தியாரின் கை இறங்கியது. அவர் மனைவி இசக்கித்தாய் மட்டும் பைய, “வீட்டுக்கு வாங்க. காலையில உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லிருதேன்” என்றாள்.

காய்ச்சல் வரவில்லை, வாத்தியார் வந்தார். வாழைத்தோட்டத்து ஆட்களெல்லாம் வேலையை விட்டுப் படித்துறையில் நின்றார்கள். அவர் தண்ணீரில் இறங்கவே இல்லை. படித்துறை மண்டபத்து உச்சியில் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொப்பென்று ஆற்றில் விழுந்தார். தலைப்பாகை மட்டும் மிதந்தது. நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் தலையும் வந்தது.

“ஏ சேக் முகம்மது!” இருமலுக்கு நடுவே கத்தினார். “இப்பப் பிடியைப் பின்னால சுத்தும்வே!”

படித்துறையே சிரித்தது. மாடக்கண்ணுதான் முதலில் குதித்துப் போய் அவரைத் தோளில் தூக்கினான். பன்னிரண்டு சீடர்களில் ஒருவன்கூடக் கூடத்தை விட்டு விலகவில்லை.

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். வீரன் நனையாமல் எழும்பினான் என்று படித்தபோதே, ‘படத்தைப் பின்னால் ஓட்டியிருப்பான், இது என்ன பிரமாதம்’ என்று முணுமுணுத்தீர்களே, என் காதில் விழுந்தது.

மண்டபம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலையில் வருகிறீர்களா?